ஜுரம் வராத நாட்கள்

கல்கத்தாவில் எங்கள் லேக் மார்க்கெட் பக்கம் என் வயதுக்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, "ஜுரம் எத்தனை டிகிரி வரைக்கும் போச்சு?" என்பதுதான். ஜுரமே இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை. ஃப்ளூ வந்து, நுரையீரலில் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடந்தவன் ஜுரமே இல்லை என்றால், எதையோ மறைக்கிறான் என்கிற மாதிரி பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மூச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, நீளமாகப் பேசினால் இரைக்கிறது. எழுதினால் இரைப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுபது தாண்டியவர்கள் படிக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பொன்மலையில் பிறந்து, கார்டன் ரீச் தலைமை அலுவலகத்தின் கீழே வேலை பார்க்க வந்து, கல்கத்தாவிலேயே வேர் விட்டாயிற்று. சிக்னல்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. எதையும் அளந்து, நேரம் போட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு உண்டு. குக்கருக்குப் புது ரப்பர் போட்ட நாள், தண்ணீர் வடிகட்டி கழுவிய நாள் எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி மல்லிகா அதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இங்கே குளிர்காலத்தில் வரும் சரஸ்வதி பூஜையன்று தெரு கிளப்பில் கிச்சடி பரிமாறினோம். வாளி பிடித்தவர்களில் நானும் ஒருவன். எதிரே நின்றவர் மங்கி கேப்புக்குள்ளிருந்து நாலைந்து முறை தும்மினார். இந்த ஊரில் லேசாகக் குளிர் தட்டினாலே தலைக்கு மங்கி கேப், கழுத்துக்கு மஃப்ளர் என்று சுற்றிக்கொள்வார்கள். மூக்கை மட்டும் யாரும் மூடுவதில்லை. அதை நான் கேலி பேசிக்கொண்டே பரிமாறினேன். அன்று நானும் என் மூக்கை மூடியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொண்டை கரகரத்தது, லேசாக இருமல். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. நோட்டில் எழுதினேன். மாலையில் தொண்ணூற்றெட்டு புள்ளி எட்டு. அதையும் எழுதினேன். மறுநாள் காலை மல்லிகா காபி டம்ளரை நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"காபி வேணாமா? என்னங்க சொல்றீங்க?"

"நாக்குல பிடிக்கல."

"டாக்டர்கிட்ட போவோம்."

"எதுக்கு? ஜுரம் இருக்கா? இந்தா, பாரு." நோட்டை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "ஜுரம் இல்லைன்னா என்ன, ஆளே இல்லையே" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி என் மகள் சுதா நச்சரிப்பதையும் இப்படித்தான் கேட்டுவந்தேன். எழுபது வருஷம் ஓடிய உடம்பு, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று திமிராகப் பேசியிருக்கிறேன்.

நாலாம் நாள் கரியாஹாட் கடைத்தெருவுக்குக் குடை ரிப்பேருக்குப் போனேன். போயிருக்கவே கூடாது. சாலையைக் கடக்க நின்றேன். பாதசாரிகளுக்குப் பச்சை விழுந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்பானது. மறுபடி பச்சை விழுந்தது. பச்சை என்றால் போகலாம் என்பது தெரிகிறது, ஆனால் அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. மூன்றாவது பச்சையும் போனபோது, நடைபாதையில் புடவை விற்கிற ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். தன் ஸ்டூலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, என் போனிலேயே மல்லிகாவைக் கூப்பிட்டார். வாழ்க்கை முழுக்க சிக்னலோடு குடித்தனம் நடத்தியவன் மூன்று பச்சையைத் தவறவிட்டு, புடவை மூட்டைக்கு நடுவே பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மல்லிகாவும் சுதாவும் என்னை அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவு வாசலில் முதல் கேள்வி, எத்தனை நாளாக ஜுரம் என்பது. இல்லை என்றதும் பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். மல்லிகா உட்காரவில்லை. அந்தப் பக்கமாக வந்த ஒரு இளம் பெண் டாக்டரை வழிமறித்தாள். அவளுக்கு வங்காளி அரைகுறைதான். சந்தையில் மீன் பேரம் பேசுகிற வங்காளியிலேயே சொன்னாள், "இந்த மனுஷன் மூணு நாளா காபி குடிக்கல. சட்டைப் பொத்தானை மாத்திப் போடறாரு. இவரு இப்படிப்பட்ட ஆளு இல்ல."

வேறு டாக்டராக இருந்தால் சிரித்திருப்பார். டாக்டர் பர்ணாலி சிரிக்கவில்லை. என் விரலில் கிளிப் மாதிரி ஒரு கருவியை மாட்டினார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருக்க வேண்டியது எனக்கு எண்பத்தெட்டு. அதன் பிறகு யாரும் பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் ஏறியது. வந்திருப்பது ஃப்ளூ வைரஸ் என்றும், வலது நுரையீரலின் அடிப்பக்கம் நிமோனியா என்றும் சொன்னார்கள்.

முதல் இரண்டு நாள் எனக்கு முழுதாக நினைவில்லை. பயம் மட்டும் நினைவிருக்கிறது. இழுக்கிற மூச்சு பாதி வழியில் நின்றுவிடும் பயம் அது. பெரிய முகமூடி மாட்டி மூச்சைத் தள்ள வேண்டி வரலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வேண்டியிருக்காது, நானே மூச்சு விட்டுக் காட்டுகிறேன் என்று தீர்மானித்தேன். குப்புறப் படுக்கச் சொன்னால் குப்புறப் படுத்தேன். ஊதச் சொன்ன குழாயை ஒரு மணிக்குப் பத்து தடவை ஊதினேன். சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. மல்லிகா ரசம் சாதத்தைக் கரைத்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு ஸ்டேஷன் பெயர் சொல்லி ஊட்டினாள். ஹவுராவில் ஆரம்பித்து கரக்பூர் வரை போக வேண்டும் என்பது அவள் கட்டளை. முகமூடி தேவைப்படவில்லை.

பக்கத்துப் படுக்கையில் சலீம் என்று ஒருவர். கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர், முப்பது வயது. அவருக்கும் அதே ஃப்ளூதான். நூற்று மூன்று ஜுரம், கட்டிலே ஆடுகிற நடுக்கம், வாந்தி. ஐயோ பாவம், இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கடுமையாக வந்திருக்கிறதே, நமக்குப் பரவாயில்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அவர் குளித்து, தலை வாரி, மனைவியோடு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் குழாயோடு கிடந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பர்ணாலியைப் பிடித்துக்கொண்டேன். இங்கே எல்லா இளம் டாக்டர்களும் கூப்பிடுகிற மாதிரி அவரும் என்னை மேஷோமொஷாய், அதாவது சித்தப்பா என்றும், மல்லிகாவை மாஷிமா, அதாவது சித்தி என்றும்தான் கூப்பிடுவார். எங்கள் பேச்சு வங்காளியும் ஹிந்தியுமாக நடந்தது, தமிழில் தருகிறேன்.

"அந்தப் பையனுக்கு நூத்தி மூணு. எனக்கு ஜுரமே இல்ல. அவன் நடந்து போறான், நான் படுத்திருக்கேன். இது என்ன நியாயம்?" என்று கேட்டு, மல்லிகாவிடம் சொல்லி எடுத்துவரச் செய்திருந்த நோட்டை நீட்டினேன்.

அவர் நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார். "அவருக்கு ஜுரம் வந்தது நல்லது, மேஷோமொஷாய். அவர் உடம்பு சண்டை போட்டுச்சு. உங்க உடம்புக்குத் திருடன் வந்ததே லேட்டாத்தான் தெரிஞ்சது."

பிறகு விளக்கினார். வைரஸ் புகுந்த முதல் செல், இன்டர்ஃபெரான் என்கிற ஒரு பொருளை வெளியே விடும். அது அக்கம்பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை. அவை உடனே, வைரஸ் தங்களுக்குள் பெருக முடியாதபடி தயாராகிக்கொள்ளும். வயதாக ஆக இந்த எச்சரிக்கை பலவீனமாகவும் தாமதமாகவும் போகிறது, அந்த இடைவெளியில் வைரஸ் பெருகிவிடுகிறது. அடுத்து, வைரஸ் புகுந்த செல்களைத் தேடிப் பிடித்து அழிக்கும் டி செல்கள். இவை பக்குவமாகும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி. சின்ன வயதிலிருந்தே அது சுருங்கிவந்து, எங்கள் வயதில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுமாம். பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்கள் நிறைய இருக்கும். புதிதாக வருவதை எதிர்க்கும் புதுச் செல்கள் குறைவு. இதெல்லாம் போதாதென்று, தாமதமாக விழித்த உடம்பு பிறகு அளவு தெரியாமல் அடிக்கத் தொடங்கும். அந்த அடியில் சொந்த நுரையீரலும் புண்ணாகும். தடுப்பூசி கூட எங்களுக்கு இளைஞர்களுக்குச் செய்கிற அளவு வேலை செய்யாதாம். "அதனால போட்டுக்க வேண்டாம்னு அர்த்தம் இல்ல. அதனாலதான் தவறாமப் போட்டுக்கணும். இருக்கற கொஞ்சப் படையையாவது முன்கூட்டித் தயார் பண்ணும்" என்றார்.

"சரி, ஜுரம் ஏன் வரல?"

"ஜுரமும் அந்த எச்சரிக்கையில ஒரு பகுதிதான். அது வராட்டி நோய் இல்லைன்னு நினைக்கக் கூடாது. வயசானவங்களுக்கு முதல் அடையாளம் வேற மாதிரி வரும். சாப்பாடு பிடிக்காது, புத்தி தடுமாறும், திடீர்னு கீழே விழுவாங்க. பிடிச்சதை வேண்டாம்பாங்க. மாஷிமா சொன்னாங்களே, காபி, அதுதான் சரியான ரிப்போர்ட்."

அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். ரயில்வேயில் ஒரு விதி உண்டு. சிக்னல் விளக்கு எரியவில்லை என்றால், அது சிவப்பு என்றே டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அணைந்த விளக்கைப் பார்த்து, சிவப்பு இல்லையே, போகலாம் என்று எவனாவது போனால் வண்டியோடு பரலோகம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தலையில் ஏற்றப்படும் விதி இது. அதை மீறியவர்கள் மேல் நானே ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன், சொந்த உடம்பில் விளக்கு அணைந்து கிடந்ததைப் பச்சை என்று நாலு நாள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பார்வை நேரத்தில் சுதா மட்டும் வந்தாள். சாப்பாட்டு டப்பா பேஹாலாவில் இருக்கும் அவள் வீட்டுடையது.

"அம்மா எங்க?"

"அசதியா இருக்காம்ப்பா. நாளைக்கு வரேன்னாங்க. மூணு நாளா உங்க பின்னாடியே அலைஞ்சாங்க இல்ல, தூங்கட்டும்."

போன் போட்டேன். நிறைய நேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். உனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, கால் ஓஞ்சு போச்சு. ஜுரமெல்லாம் இல்லைங்க, பார்த்துட்டேன். தொண்ணூத்தேழு புள்ளி ஒம்பது." பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

இப்போதுதான் கேட்டதை மறுபடி கேட்கிறாள். "மல்லிகா, காலைல காபி குடிச்சியா?"

"வேணாம்போல இருந்துச்சு."

போனைச் சுதாவிடம் கொடுக்காமல் அப்படியே வைத்தேன். "உங்கம்மாவை இப்பவே கூட்டிட்டு வரணும்" என்றேன்.

"அப்பா, ஜுரம் இல்லைன்னு அவங்களே சொல்றாங்க. இப்பப் போய் எழுப்பினா..."

"ஜுரம் இல்லைங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு. நீ போறியா, இல்ல நான் இந்தக் குழாயைப் பிடுங்கிட்டுக் கிளம்பட்டுமா?"

சத்தம் கேட்டு நர்ஸ் வந்துவிட்டார். சுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பிள்ளையை அப்படி அதட்டியதில்லை. ஆனால் என்னிடம் அப்போது வேறு பேச்சு இல்லை. எனக்காகப் போராடிக் காபிக் கதையைச் சொல்லி என்னை உள்ளே சேர்த்தவள், அதே கதையோடு தனியாக வீட்டில் கிடக்கிறாள். அவளுக்காகச் சொல்ல நான்தான் இருக்கிறேன். சுதா கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர முக்கால் மணியாவது ஆகும். எங்கள் கீழ் வீட்டு ரீனா பௌதியைக் கூப்பிட்டேன். பௌதி என்றால் அண்ணி. என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் எனக்கு அவர் பௌதிதான், அவருக்கு நான் தாதா, அதாவது அண்ணன். அவர் கணவருக்கு ஆஸ்துமா. விரலில் மாட்டும் கருவி அவர்கள் வீட்டில் உண்டு.

"பௌதி, அந்தக் கிளிப்பை எடுத்துட்டு மாடிக்குப் போங்க. போனை அணைக்காதீங்க. எங்க வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கில்ல?"

படி ஏறும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிறகு அவர் "மா கோ", ஐயோ அம்மா, என்று முனகினார்.

"என்ன பௌதி?"

"அடுப்புல பால் கருகிக் கிடக்கு, தாதா. இன்னும் எரியுது. இருங்க, அணைச்சுட்டேன்."

அந்த நிமிஷம் எனக்கு இருந்த பயம், என் மூச்சு பாதியில் நின்றபோதுகூட இருந்ததில்லை.

"தூங்கறாங்க. எழுப்பட்டுமா?"

"எழுப்புங்க. திட்டினா என் பேரைச் சொல்லுங்க."

திட்டவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பினால் திட்டாமல் விடுகிற ஆளா அவள்? பௌதி எண்ணைச் சொன்னார். தொண்ணூற்றொன்று.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மல்லிகா அதே அவசரப் பிரிவில் இருந்தாள். நர்ஸ் மூலமாக நான் முன்னரே டாக்டர் பர்ணாலிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஜுரம் உண்டா என்ற கேள்விக்குப் பதிலாகச் சுதா, "அப்பாவுக்கு வந்த அதேதான். காபி குடிக்கலை, பால் பாத்திரத்தை மறந்துட்டாங்க, ஆக்ஸிஜன் தொண்ணூத்தொண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். ஃப்ளூதான். வைரஸைத் தடுக்கும் மாத்திரையை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எனக்கு அந்த நேரம் கடந்த பிறகுதான் கொடுத்தார்கள். அவளுக்கு முதல் நாளே கொடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் லேசான நிழல்தான், நிமோனியாவாக இறங்கவில்லை.

இருந்தாலும் அடுத்த நாள் முழுக்க அவள் யாரிடமும் பேசவில்லையாம். சுதா இரண்டு வார்டுக்கும் நடுவில் அலைந்து எனக்குச் செய்தி கொண்டுவந்தாள். கண்ணைத் திறந்தாங்க. கஞ்சி ரெண்டு வாய் குடிச்சாங்க. நான் என் ஊதுகுழாயை ஊதிக்கொண்டே இருந்தேன். அவளைப் பார்க்கப் போக வேண்டுமானால் என் ஆக்ஸிஜன் எண் நன்றாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே ஊதினேன்.

அதற்கு மறுநாள் காலை சக்கர நாற்காலியில், மடியில் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரோடு, மூக்குக்கு மேல் மாஸ்க்கோடு என்னைப் பெண்கள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் காலைத் தட்டு வந்திருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேப்பர் கப்பிலிருந்து ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், கப்பைத் தட்டில் வைத்தாள். பிறகு தட்டு கொண்டுவந்த பெண்ணிடம், மீன் பேரம் பேசுகிற வங்காளியில், "இது காபியா? பாத்திரம் கழுவின தண்ணியக் கொண்டாந்திருக்க. பாலை நல்லாக் காய்ச்சச் சொல்லு, உள்ள போய்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மாஸ்க் நனைந்தது. நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் யாரைத் திட்டியும் எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வீடு திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. டாக்டர் சொன்னபடி, உடம்பு தேறிய பிறகு தினமும் என் வெப்பத்தை அளந்தேன். தொண்ணூற்றாறு புள்ளி ஆறு. இவ்வளவுதான் என் சாதாரண அளவு. சொந்த அளவைவிட இரண்டு டிகிரி ஏறினாலே எங்கள் வயதில் அதை ஜுரமாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த நாலு நாளும் எனக்கு ஜுரம் இருந்திருக்கிறது. நானே அளந்து, நானே எழுதி, நானே அதை இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னபோது மல்லிகா சிரித்த சிரிப்பில் அவளுக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது.

டாக்டர் நாள் சொன்னதும் இரண்டு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளப் போகிறோம். ரீனா பௌதியும் அவர் கணவரும் கூட வருகிறார்கள். கரியாஹாட்டில் புடவைக்காரரைத் தேடிப் போய் மல்லிகா ஒரு புடவை வாங்கினாள். பேரம் பேசவில்லை, அதுவே அவருக்கு மரியாதை.

நோட்டு இருக்கிறது. ஆனால் இப்போது ஒவ்வொரு நாளும் முதலில் எழுதுவது தெர்மாமீட்டர் சொன்னதை அல்ல. இன்று காலை எழுதியது இது: நான், ஒரு டம்ளர். அவள், ஒன்றரை, டிகாஷன் போதவில்லை என்று திட்டு.